பச்சைத் தண்ணீரில் போட்ட சட்டை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குக் கூடமாட ஒத்தாசையாக இரு. அப்பாவுக்கு முதுகுவலி தேவலை. ஆனாலும் கடையில் இஸ்திரி முழுக்க என் தலையில்தான்.

மருந்துக்கடைக்காரர் இன்னும் கண் திறக்கவில்லை. அவர் கடைக்குப் பின்னால் வைத்து மண்டையை உடைத்தது பால்வண்டி ஓட்டுபவர்தான் என்று போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. வண்டியை நிறுத்துவதில் இருவருக்கும் அன்று காலை வாய்ச்சண்டை. வேறு சாட்சி கிடையாது.

இன்ஸ்பெக்டரின் சீருடை நம் சலவைக்கடைக்குத்தானே வருகிறது. நேற்று வாங்க வந்தவர், "என்னக்கா, சின்னவன் சொல்லிக்காம கிளம்பிட்டானாமே?" என்று சிரித்தார். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்றேன். எனக்குப் பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அவர்கள் சண்டை போட்ட அன்று சாயங்காலம் உன் சட்டையை வாளியருகே போட்டாய். மூக்கில் ரத்தம் வந்தது என்றாய். ரத்தக்கறை காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும், தொழில் பழக்கம். அலசிப் பிழிந்த பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டாய். மருந்துக்கடைக்காரர் கிடந்த சேதி அதற்கப்புறம்தான் வந்தது.

அலசாமல் விட்டிருந்தால் அது யார் ரத்தம் என்று சோதித்துச் சொல்லியிருப்பார்கள். இப்போது வெள்ளைவெளேரென்று அலமாரியில் இருக்கிறது. உன்னைக் காப்பாற்றினேனா, உனக்கிருந்த ஒரே அத்தாட்சியை அழித்தேனா, தெரியவில்லை. அப்பா, "கழுவினது கழுவினதாவே இருக்கட்டும், வாய மூடு" என்றார். அப்புறம் அவரும் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

இன்று பால்வண்டிக்காரர் மனைவி அவருடைய சட்டையைக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை கோர்ட்டாம். "நல்லா மடிப்பு வச்சுக் குடுங்கக்கா, ரவுடி மாதிரி தெரியக் கூடாது" என்றாள். தேய்த்துக் கொடுத்தேன். காலரில் சுருக்கம் விழுந்து, திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டியிருந்தது. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று கேட்காமல் அலசினேன். இப்போது கேட்கிறேன். திங்கட்கிழமைக்குள் வா. மூக்கு ரத்தம்தான் என்றால் வந்து சொல். இல்லையென்றாலும் வந்து சொல். ஸ்டேஷனுக்கு உன் கூடவே வருவேன். நீ வராவிட்டால் நான் மட்டும் போக வேண்டியிருக்கும். அந்தத் தெம்பு எனக்கு இல்லை. வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

அத்தை வீட்டில் இருக்கும்வரை வயிறு வாடாமல் இரு, ராசா.

உன் அம்மா