பெட்டிமேல் ஒரு கை

மார்ச் 2, ஞாயிறு

என் வீட்டுக்காரர் ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறார். கம்பெனி லோடு இறக்க மதுரை போனவர், யாரோ பழசாக விற்றதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். செங்கல் அளவு. முன்னால் ரெண்டு ஓட்டை, நாலைந்து திருகு. "என்னங்க இது?" என்றேன். "இண்டர்ஃபேஸ்" என்றார், பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக. மைக்கில் பாடுவதை இது வாங்கி டேப்லெட்டுக்குள் அனுப்புமாம். டேப்லெட், மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. இதுவரை இவர் அதில் பார்த்ததெல்லாம் சமையல் வீடியோ. ஒரு நாள் சமைத்தது கிடையாது.

யார் பாடப் போகிறார்கள் என்று கேட்டேன். "நீயும் அய்யம்மாளும்" என்றார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 3, திங்கள்

கோபம் ஆறவில்லை. எழுதினால் ஆறுமா என்று பார்க்கிறேன்.

அய்யம்மாள் இவருடைய சித்தப்பா மகள், எனக்கு நாத்தனார் முறை. ஒரே தெரு, ஒரே பட்டாசுக் கம்பெனி, ஒரே ஷெட். எங்கள் ஊர் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரிக் கும்மியில் வருசா வருசம் நான் அடி எடுப்பேன், அவள் பதில் பாடுவாள். போன வருசம் ஊரே கூடி நிற்கையில், நான் அடியை முடிக்கும் முன்னே குறுக்கே பாய்ந்து அவள் அடியை எடுத்தாள். ஒரு தடவை என்றால் விடலாம். ஒவ்வொரு சுற்றிலும். "ஏன்டி இம்புட்டு அவசரம், எங்கயும் தீப்பிடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்கக் கூடாதுதான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் கும்மியை விட்டுப் போனாள். பாட்டு பாதியில் நின்றது. அன்றிலிருந்து பேச்சில்லை.

இப்போது கோயில் கமிட்டித் தலைவர் நாகையா மாமா சொல்லிவிட்டார்: "ரெண்டு பேரும் சேந்து பாடுறதுன்னா பாடுங்க. இல்லைன்னா செட்டுக்காரன் பென் டிரைவ்ல இருக்கதைப் போட்டுக்கிடுவோம்." எங்கள் அம்மனுக்கு எவளோ பாடிய பாட்டா? அதற்காக அவளிடம் போய் நான் பேசுவேனா? மாட்டேன்.

அதற்குத்தான் இந்தப் பெட்டியாம். அவள் ஒரு நாள் தனியாகப் பாடுவாள், நான் ஒரு நாள் தனியாகப் பாடுவேன், டேப்லெட் ரெண்டையும் சேர்த்துவிடும். முகம் பார்க்க வேண்டாம். நல்ல யோசனைதான். அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

டேப்லெட்டுக்குப் பெட்டி பக்கத்தில் இருப்பதே தெரியவில்லை. வயரைச் செருகுகிறார், பிடுங்குகிறார், ஊதுகிறார், மறுபடி செருகுகிறார். கடைசியில் மைக் செட்டுக் கடை பாண்டிமுருகன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, இது சார்ஜர் வயரு. கரண்டு மட்டுந்தான் போகும். பாட்டு போகாது." இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரெண்டு தோசை கூடவே வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

சரியான வயர் வந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இவர் கையெடுத்துக் கும்பிட்டார். உடனே அணைந்தது. டேப்லெட் கொடுக்கிற கரண்ட் பெட்டிக்குப் பத்தவில்லையாம். நடுவில் இன்னொரு பெட்டி வைத்து, அதற்குச் சுவரிலிருந்து தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டுமாம். பெட்டிக்கு ஒரு பெட்டி. இது எங்கே போய் முடியும்?

மார்ச் 9, ஞாயிறு

மகள் அறையை ஸ்டுடியோ ஆக்கிவிட்டார். எதிரொலி வரக்கூடாது என்று பிரஸ்ஸில் கழித்துப்போட்ட காலண்டர் தாளைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்து சுவரோரம் அடுக்கியிருக்கிறார். திரும்பின பக்கமெல்லாம் முருகன், எல்லாருக்கும் மூக்கு பச்சை. அச்சில் மை விலகிவிட்டதாம். பாண்டிமுருகனிடம் ரெண்டு மைக் இரவல்.

பச்சை விளக்கு நின்று எரிகிறது. ஆனால் ஹெட்போனில் ஒரே இரைச்சல், வண்டு புகுந்த மாதிரி. காற்றாடியை நிறுத்தினார். ஃபிரிட்ஜை நிறுத்தினார். என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். இரைச்சல் போகவில்லை. நான் மைக்கிடம் போகும்போது என் கை தானாகப் பெட்டியைத் தொட்டது. கம்பெனியில் ஷெட்டுக்குள் கால் வைக்கும் முன் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவோம், உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணில் இறங்கட்டும் என்று. அந்தப் பழக்கம். தொட்டதும் இரைச்சல் அடங்கியது. கையை எடுத்தால் மறுபடி வண்டு. வீட்டில் எர்த் சரியில்லை என்றார் பாண்டிமுருகன். எலக்ட்ரீசியன் பொங்கல் முடிந்துதான் வருவானாம். அதுவரை பாடுகிறவர் ஒரு கையைப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு பாட வேண்டும் என்று தீர்ப்பு.

நான் கடைக்குப் போன நேரத்தில் இவரே ஒரு பாட்டுப் பாடிப் பதிந்திருக்கிறார். எனக்குப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அழித்துவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

இருமல். தூசிதான், வேறொன்றுமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்று அய்யம்மாள் பாட வந்தாள். நான் மல்லாங்கிணற்றில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அக்காவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அறை வாசலில் ஒரு காப்பித் தம்ளர் கிடந்தது. இவராகவே சொன்னார்: "பெட்டியைத் தொடணும்னு நான் சொல்லவே இல்லை. வந்ததும் தொட்டுட்டுத்தான் நின்னா. உன்னைய மாதிரியே."

என்னை மாதிரியாம்.

மார்ச் 17, திங்கள்

எனக்கு ஒரு சந்தேகம். அடி எடுக்கிறது நான். பதில் சொல்கிறவள் எப்படி முதலில் பாடினாள்? கேட்டேன். "உன் அடிக்கு இடம் விட்டு விட்டுப் பாடியிருக்கா." எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவளுக்கு என்ன தெரியும்? "அது எனக்குத் தெரியாது. நீ பாடிப் பாரு" என்றார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் இதற்கு மட்டும் வெளியே எழுந்து போனார்.

மார்ச் 19, புதன்

கம்பெனி பஸ்ஸுக்கு ஓடியதில் மூச்சு வாங்கியது. ஏறி உட்கார்ந்து வெகுநேரம் ஆகியும் அடங்கவில்லை. முன் சீட்டிலிருந்து அய்யம்மாள் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

என் முறை. கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, பெட்டி மேல் ஒரு கை. மறு கையால் தொடையில் தட்டிக்கொண்டேன். ஒற்றைக் கையால் என்ன கும்மி.

காதுக்குள் அய்யம்மாள் மூச்சை இழுத்தாள். ஒரு வருசமாக நான் பார்ப்பது பஸ்ஸில் அவள் பின்னந்தலையை மட்டும்தான். இன்று காதுக்குள்ளேயே வந்து நிற்கிறாள்.

"வைப்பாத்து மண்ணெடுத்து வளத்த முளை பாருங்கடி" என்று எடுத்தேன். நான் முடித்த இடத்தில் அவள் பதில் வந்து விழுந்தது. அடுத்த அடி, அதுவும் அப்படியே. நான் எங்கே இழுப்பேன், எங்கே நிறுத்துவேன் என்று நான் இல்லாத அறையில் நின்றுகொண்டு சரியாக இடம் விட்டிருக்கிறாள். மூன்றாவது அடி நீளம். பாதி தாண்டியதும் எனக்குக் காற்று தீர்ந்துவிட்டது. தீர்ந்த அதே இடத்தில், அடி முடிவதற்கு முன்னே, அவள் பாய்ந்து எடுத்தாள். போன வருசம் மாதிரியே. சுருக்கென்று கோபம் வந்தது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சொல்வதற்கு மூச்சில்லை.

அப்படியே நின்றேன். பாட்டு அதுபாட்டுக்கு ஓடியது. முடிந்து, அவள் குலவையும் முடிந்த பிறகும் அன்று இவர் பதிவை நிறுத்தாமல் விட்டிருக்கிறார். ஹெட்போனில் அவள் பேச்சு: "மூணாவது அடியில மதினிக்கு மூச்சு பத்தாதுண்ணே. அதான் முன்னாடியே எடுத்துக்கிட்டேன். போன வருசமும் அதான். அவுகளுக்குத் தெரிய வேணாம், இதை அழிச்சிருங்க." பிறகு இவர் குரல்: "சரி தாயி."

இவரை நிமிர்ந்து பார்த்தேன். "அழிக்கச் சொன்னாள்ல?"

"அழிக்கத் தெரியலை" என்றார். தன் பாட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அழித்தவர்.

கழுதை. சொன்னா என்னடி? ஊரு முன்னாடி நான் அப்படிக் கேட்டப்ப, ஒனக்கு மூச்சு பத்தலைன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என் வாயை அடைச்சிருக்கலாம்ல? அதைச் சொல்லாம, என் ஏச்சையும் வாங்கிக்கிட்டு, ஒரு வருசம் — அழுகையா வருது. எழுத முடியலை.

மார்ச் 24, திங்கள்

பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலி. போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது?

மார்ச் 25, செவ்வாய்

ஷெட் வாசலில் தகட்டில் கை வைத்தேன். அதே நேரம் அவள் கையும் வந்தது. எடுக்கப் போனாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மூணாவது அடியை இன்னும் கொஞ்சம் முன்னாடி எடு."

அவள் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்புட்டு மதினி?"

"ஒனக்குத் தெரியாததா."

"அண்ணன் அழிக்கலையா?"

"தெரியலையாம்."

சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போனீகளா?" என்றாள். இல்லை என்றேன். "சனிக்கிழமை லீவு போடுங்க, நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பின்னால் நின்ற மேஸ்திரி, தகட்டைத் தொட இவ்வளவு நேரமா என்றார்.

மார்ச் 27, வியாழன்

ரெண்டு பேரும் போய் நாகையா மாமாவிடம் சொன்னோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அதான் பேசிக்கிட்டீகளே. பெறகு எதுக்கு ரிக்கார்டு? நேர்லயே பாடுங்க" என்றார். சரிதானே. யாருக்கும் இது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் ஹெட்போன் வயரைச் சுற்றிக் கட்டி, பெட்டியைத் துண்டால் துடைத்து, பரண்மேல் வைக்க ஸ்டூலைத் தேடினார். ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

மார்ச் 29, சனி

சிவகாசி ஆஸ்பத்திரி. நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பட்டாசு மருந்துத்தூள் பறக்கிற இடம் இனி ஆகாது என்றார் டாக்டர். லேபிள் ஒட்டுகிற ஷெட்டுக்கு மாற்றிக் கேட்க வேண்டும். டாக்டர் என்னிடம் கேட்டதற்கெல்லாம், நான் வாயைத் திறக்கும் முன்னே அய்யம்மாள் பதில் சொன்னாள். எனக்குத் தெரியாததுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன்: "நாளைக்கு வா. உங்க அண்ணன் மூஞ்சியைப் பாக்க முடியலை. ஒரு பாட்டாவது பதிஞ்சுருவோம்."

மார்ச் 30, ஞாயிறு

மைக் ஒன்றைப் பாண்டிமுருகன் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மிச்சம் இருக்கும் ஒன்றில் ரெண்டு பேர். முழங்கை இடிக்கிறது என்றாள். அவள் எண்ணெய் வாசம் எனக்கு மூக்கில் ஏறியது. பச்சை மூக்கு முருகன்களைப் பார்த்து அய்யம்மாள் சிரித்த சிரிப்பில் கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை.

யார் பெட்டியைத் தொடுவது என்று ஒரு பேச்சு வந்தது. ஒற்றைக் கையால் கும்மி அடிக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். நானும்தான். கடைசியில் இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையைப் பெட்டி மேல் வைத்துக்கொண்டார். மறு கையில் டேப்லெட். நாங்கள் குலவை போட்டதும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் காட்ட அவருக்குக் கை இல்லை. கண்ணை உருட்டினார். நாங்கள் பார்க்கவில்லை.

எங்கள் நாலு கையும் கும்மிக்கு இருந்தது. முதல் அடி, அவள் பதில். ரெண்டாவது அடி, அவள் பதில். மூன்றாவது அடியை எடுத்து, மூச்சு இருந்த வரைக்கும் பாடினேன். மீதியை அவளிடம் விட்டேன்.