ஜாமீன்தாரர்

மார்ச் 3

அன்புள்ள மகனுக்கு,

நலம்தானே? மருமகளுக்கு வாந்தி நின்றதா? போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

நான் படிக்கப் போகிறேன். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, இரண்டு வருடம். நாற்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சுகாதார நிலையத்துக்குப் பின்தெருவில் இரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. நானும் உப்புக்கரைசல் பொட்டலம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் வீடு வீடாகப் போய்க் குறித்துப் பார்த்தேன். சாக்கடையை ஒட்டிய ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற வீடுகளில்தான் நோய். மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். "நர்ஸ் வேலையை மட்டும் பாருங்கம்மா" என்றார் அதிகாரி. அதே தாளில் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். எட்டாம் நாள் புதுக் குழாய் வந்தது. அதற்குள் ஒரு கைக்குழந்தை போய்விட்டது. நான்தான் அதற்கு முதல் ஊசி போட்டேன்.

என் பெயருக்குப் பின்னாலும் இரண்டு எழுத்து இருக்கட்டும்.

கட்டணம் என் பதினான்கு மாதச் சம்பளம். வங்கிக்குப் போனேன். "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்றார் மேலாளர். "எனக்குத்தான்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். என் வயதுக்குக் கல்விக்கடன் கிடையாதாம். போகட்டும். இடம் கிடைத்துவிட்டது, பணம் கிடைக்காமலா போகும்?

அன்புடன்,
அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மா,

வங்கியில் போய் நிற்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டிருக்கலாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு அம்மாவைப் படிக்கவைக்க முடியாதா?

பணம் முழுவதும் நான் கட்டுகிறேன். ஆனால் இங்கே வந்து படி. வீட்டிலிருந்து மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு கல்லூரி, மாலை வகுப்பு. ஜூனில் குழந்தை பிறந்துவிடும். அவள் அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை, வர முடியாது. பகலில் நீ பேரனையோ பேத்தியையோ பார்த்துக்கொள், சாயங்காலம் படி. உனக்கென்று தனி அறை ஒதுக்கி, ஜன்னலுக்குத் திரைகூட மாட்டிவிட்டேன்.

எல்லாருக்கும் நல்லதுதானே?

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
மகன்

ஏப்ரல் 6

கண்ணா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. நாலாவது முறை கொஞ்சம் கோபமும் வந்தது. மறைக்க மாட்டேன்.

எங்கள் துறையே கட்டணம் கட்டிச் சம்பளத்தோடு விடுப்பும் தருகிறது. முடித்ததும் ஐந்து வருடம், அவர்கள் அனுப்புகிற இடத்தில் வேலை செய்ய வேண்டும். டாக்டரம்மா, "நல்லா யோசிச்சீங்களா? மலையடிவாரத்துல தூக்கிப் போட்டாலும் போவீங்களா?" என்றார். "அங்கேயும் தண்ணி குடிக்கிறாங்கல்ல டாக்டர்" என்றேன்.

நீ தருகிற பணத்துக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. நீ கையெழுத்துக் கேட்க மாட்டாய், அவ்வளவுதான். துறையின் ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் என்று எழுதியிருக்கிறது. உன்னுடையதில் எத்தனை வருடம்? குழந்தை பள்ளிக்கூடம் போகிறவரையா? அடுத்த குழந்தை வரும்வரையா? உன் மேல் குறை சொல்லவில்லை. அங்கே வந்துவிட்டால் குழந்தை முகத்தைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

சேர்த்துவைத்த விடுப்பு நாற்பது நாள் இருக்கிறது. பிரசவத்துக்கு வருகிறேன். குழந்தையைக் குளிப்பாட்டுவதிலிருந்து எல்லாம் உனக்கே கற்றுத்தருகிறேன்.

ஒப்பந்தத்துக்கு ரத்த உறவில் ஒருவர் ஜாமீன் போட வேண்டும். நான் பாதியில் விட்டால் பணத்தை அவர் கட்ட வேண்டும். படிவம் இத்துடன். மே இருபது கடைசி நாள்.

அம்மா

மே 4

கண்ணா,

இருபத்தெட்டு நாளாயிற்று. போனில் வானிலை, காய்கறி விலை எல்லாம் பேசுகிறாய், படிவத்தை மட்டும் தொடவில்லை.

உன் மாமாவிடம் கேட்டால் ஒரு காபிக்கே கையெழுத்துப் போடுவார். கேட்கவில்லை. பதினைந்தாம் தேதிவரை கேட்கவும் மாட்டேன். அதற்கு மேல் கேட்பேன். எப்படியும் ஆகஸ்டில் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன், அதில் சந்தேகம் வேண்டாம். நீ போட்டு அனுப்பினால் மனநிறைவோடு உட்கார்ந்திருப்பேன்.

மருமகளுக்குக் கால் வீக்கம் என்றாயே, ரத்த அழுத்தம் பார்த்தார்களா? இன்றே பார்க்கச் சொல்.

அம்மா

மே 11

அன்புள்ள அம்மா,

படிவம் இத்தனை நாளும் வேலையிடத்தில் என் பெட்டிக்குள் கிடந்தது. கோபம்தான். அந்த அறையைப் பார்க்கும்போதெல்லாம் கோபம்.

ரத்த அழுத்தம் கூடுதலாகத்தான் இருந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது உன் கடிதங்களை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்கம்மா அங்கேயிருந்தே கண்டுபிடிச்சிட்டாங்க. அவங்களைக் கூப்பிட்டுத் தொட்டில் ஆட்டச் சொல்றீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?" என்றாள்.

துறைமுக மேலாளரிடம் பேசிக் காலை ஷிப்ட் வாங்கிவிட்டேன். மதியத்துக்கு மேல் குழந்தை என் பொறுப்பு. நாற்பது நாளுக்குப் பயணச்சீட்டு போட்டுவிட்டேன், அதற்கு மட்டும் மறுப்புச் சொல்லாதே.

கையெழுத்துப் போட்ட படிவம் இத்துடன். நீ தேர்ச்சி பெறாவிட்டாலும் நான்தான் கட்ட வேண்டும் என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, கவனித்தாயா? அதனால் முதல் பருவ மதிப்பெண் பட்டியல் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பிவிடு. மகனாகக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஜாமீன்தாரர்