போராளி என்று ஒட்டியிருக்கிறார்கள்

இன்று காலை விருதுநகர் பேருந்து நிலையச் சுவரில் உன் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நீ இறந்துபோய் ஓராண்டாகிவிட்டது. காயாத பசையின் புளித்த மணம். பெயருக்கு மேலே சிவப்பில் பெரிதாக, ‘போராளி’. பார்த்ததும் எனக்கு அசதிதான் வந்தது. அலுவலகத்துக்கு நேரமாவது தெரிந்தும் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சொல்லை நாம் எத்தனை வாய்களில் கேட்டிருக்கிறோம்! கல்லூரி மேடையில் அதைச் சொன்னபோது கைதட்டினார்கள். உன் அம்மாவுக்கு அது, உனக்கு மாப்பிள்ளை அமையாததன் காரணம். செய்தித்தாளில் பட்டம், பட்டாசுக் கம்பெனி வாசலில் வசவு. அரசு மருத்துவமனை எதிரே டீக்கடைக்காரர் உள்ளே பார்த்துச் சொல்வார்: “ஏலே, பாலைக் கூடக் காய்ச்சு. போராளியம்மா வந்துட்டாக, இன்னைக்குக் கூட்டம் கலையாது.” நீதான் முதலில் சிரிப்பாய்.

ஒருமுறை சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்திருந்தது. நிவாரணம் அறிவிக்கும்வரை உடலை வாங்குவதில்லை என்று, எப்போதும்போல் பிணவறை வாசலில் உட்கார்ந்தோம். வாங்கிவிட்டால் அதன்பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். மறுநாள் உச்சிவெயிலில், இறந்துபோன பெண்ணின் தாய் உன் அருகே நகர்ந்து வந்தாள்.

“நீங்க போராடுங்க தாயி, நான் வேண்டாங்கல. எம்புள்ளைய மட்டும் குடுத்துரச் சொல்லுங்க. அங்கன தனியாக் கெடக்கா.”

தொழிலாளர் சங்கத்துக்காரர் குறுக்கிட்டார். “இன்னும் ஒருநா பொறுங்கம்மா. இப்ப விட்டா அம்புட்டும் போச்சு.”

நீ எழுந்துபோய் அதிகாரியிடம், “அவுக பிள்ளைய அவுககிட்டக் குடுங்க” என்றாய்.

நிவாரணத்துக்காக அதன்பின் நீ கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாய். வந்தது பாதிதான். விலைபோய்விட்டாள் என்று சங்கத்தில் சிலர் உன்னோடு பேசுவதையே நிறுத்தினார்கள். சுவரொட்டியின் கீழே அவர்கள் பெயர்களும் இருக்கின்றன.

அன்று பேருந்தில் திரும்பும்போது கேட்டேன், “நீ செஞ்சது சரிதானாடி?”

ஜன்னல் கம்பியில் தலை சாய்த்திருந்தாய். “தெரியலடி. சண்டை நம்மளுது, சாவு அவுகளுது. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன் பாரு.”

நேற்று மறுபடியும் ஓர் ஆலையில் வெடித்திருக்கிறது. இன்று மத்தியானம் அங்கிருந்து எனக்குப் போன் வந்தது. “உங்கள மாதிரிப் போராளிக வந்து உக்காந்தாத்தான் மேடம் ஆபீசருக அசைவாக.” நான் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பிணவறை வாசலில் மரத்தடியிலோ படிக்கட்டிலோ ஒரு தாய் உட்கார்ந்திருப்பாள். யாரும் முழக்கத்தைத் தொடங்குவதற்குள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்கப்போகிறேன். அவள் சொல்வதை எழுந்துபோய் அப்படியே சொல்ல உனக்கிருந்த துணிவு எனக்கு வருமா, தெரியவில்லை. ஆனால் கேட்பேன்.