என் பெயரில் இன்னொருத்தி

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனை அடித்தளத்தில் ஸ்கேன் இயந்திரத்தின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது போனில் செய்தி வந்தது. ‘தங்கள் விண்ணப்பத்தைத் தற்போது ஏற்க இயலவில்லை.’ கிரெடிட் கார்டு கேட்டு இது நான்காவது வங்கி. காரணம் மட்டும் எவரும் சொல்வதில்லை. சம்பளம் ஒழுங்காக வருகிறது. வீட்டுக் கடன் தவணை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அப்புறம் என்னதான் கேடு?

எங்கள் சர்வீஸ் கம்பெனி மேலாளரிடம் சொன்னேன். “வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைன்னா டிக்கெட், ஓட்டல் எல்லாம் முதல்ல நீங்கதான் போடணும். சாதா கார்டு தாங்காது. பிரீமியம் கார்டு இல்லாம அந்தப் பொறுப்பை எப்படிம்மா குடுக்கிறது? அடுத்த மாசம் பாதி வரைக்கும் பார்க்கிறேன்” என்றார்.

மார்ச் 5

திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி எனக்கு ஏன் வெட்கமாக இருக்கிறது?

மார்ச் 11

மத்தியானம் ஒரு வசூல்காரன் கூப்பிட்டான். என் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னான். “வண்டித் தவணை ஏன் மேடம் கட்டல?”

“எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க” என்று ஒரு முகவரியைப் படித்தான். சந்தைக்குப் பின்னால் ஏதோ அழகு நிலையமாம்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “எனக்குத் தெரியாம அங்க ஒரு கடை வேற நடத்துறியா?” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15, சனி

போனேன். இரண்டு நாற்காலி, விரிசல் விட்ட ஒரு கண்ணாடி. “வாங்கக்கா, முடி வெட்டணுமா?” என்றாள் கடைக்காரி. என் பெயரைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி — மூன்றும் ஒன்று. “ஒரே நாள்ல பொறந்திருக்கோம். அப்ப யாரு அக்கா, யாரு தங்கச்சி?” நல்ல சிரிப்பு அவளுக்கு.

வண்டி தம்பிக்காக வாங்கியது. வண்டியோடு ஆளும் போய்விட்டானாம். அந்தக் கடன் என் தலையில் ஏறியிருக்கிறது. அப்படியானால் என்னுடையது?

அவளே சொன்னாள். “பக்கத்து ரூமையும் எடுத்துக் கடையைப் பெருசாக்கலாம்னு லோன் கேட்டேன். உடனே சரின்னுட்டாங்க. எனக்கே நம்ப முடியல. நீங்க வீட்டுக் கடன் ஒழுங்கா கட்டுறது என் கணக்குல சேர்ந்திருக்கு போல.” பிறகு சிரிப்பு நின்றது. “நீங்க போய்ச் சொன்னா என் லோன் நின்னுடும், இல்ல? பணம் இன்னும் கைக்கு வரல.”

தெரியாது என்றேன். தெரியும்.

மார்ச் 16

“நீ அவகிட்ட இருந்து எதையும் பிடுங்கல. உன்னோடதைத்தானே கேக்கிற?” — வீட்டுக்காரர். சரிதான். நூற்றுக்கு நூறு சரி. அப்புறம் ஏன் சாப்பாடு இறங்கல?

மார்ச் 18

ஒரு மாசம் பொறுத்துப் போனா என்ன? அவளுக்குப் பணம் வந்துடும். ஆனா அதுக்குள்ள அந்த வேலையை வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவாங்க. எத்தனை வருஷமா அடித்தளத்துலயே கிடக்கிறேன். நானும் மேலே வரணும்தானே? யார்கிட்ட கேக்கிறேன்...

மார்ச் 19

நாளைக்கு வங்கியில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று அவளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். ஹேர் டிரையரை அணைக்கும் சத்தம் கேட்டது. “சரிங்க. சொல்லிட்டுச் செய்றீங்க, அதுவே பெருசு.”

திட்டித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 20

வங்கியில் நீலச் சட்டைக்காரர் கணினியைத் தட்டோ தட்டென்று தட்டினார். “ஆமா மேடம், ரெண்டு பேர் கடனும் மாறிப் போயிருக்கு. இது எங்க தப்பு இல்ல, மேல இருந்தே இப்படித்தான் வந்திருக்கு.” எல்லாத் தப்பும் மேலிருந்துதான் வருகிறது. கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 27

ஒன்றுமில்லை. இயந்திரம், பஸ், தூக்கம்.

ஏப்ரல் 9, புதன்

கிடைத்துவிட்டது. கறுப்புப் பெட்டி, உள்ளே வழவழப்பான துணி, அதன்மேல் கார்டு. நகைக்குக்கூட இத்தனை ஜோடனை கிடையாது. வீட்டுக்காரர் மேஜையில் தட்டிப் பார்த்து, “அடேயப்பா, பிளாஸ்டிக் இல்ல, தகடு!” என்றார். மேலாளர் கைகுலுக்கினார். வெளிநாட்டுப் பொறுப்பு எனக்குத்தான்.

“கொஞ்சம் சந்தோஷமாத்தான் இரேன்டி.” — வீட்டுக்காரர்.

இருந்து பார்த்தேன். கொட்டாவிதான் வந்தது.

ஏப்ரல் 19, சனி

அவள் கடைக்குப் போனேன். பக்கத்து அறையில் யாரோ செல்போன் கடை போட்டிருக்கிறார்கள். லோனை நிறுத்திவிட்டார்களாம். அழவில்லை, குறை சொல்லவில்லை, யாருக்கோ தலை சீவிக்கொண்டே சொன்னாள்.

“ஜாமீன் வேணும்னா நான் போடுறேன்” என்று சொல்லிவிட்டேன். வாய்தான் சொன்னது.

“வேணாங்க. என்னால உங்க பேரு ஒரு தடவை கெட்டது போதும்.”

அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை அவளும் கண்ணாடியில் பார்த்திருப்பாள்.

மே 6

ஓட்டல். நாடு விட்டு நாடு. கார்டை நீட்டியதும் வரவேற்பில் இருந்த பெண்ணின் குரலே மாறிவிட்டது. கேட்காமலே பெரிய அறை கொடுத்தாள். உள்ளே ஒரு தட்டு நிறையப் பழம், பக்கத்தில் என் பெயர் எழுதிய வாழ்த்து அட்டை. பெயரைப் படித்ததும் முதலில் அவள் ஞாபகம் வந்தது. அப்புறம்தான் நான்.

வீட்டுக்காரர் கூப்பிட்டார். “வசதியா இருக்கா?”

“இருக்கு.”

விளக்குகளை எங்கே அணைப்பது என்று தெரியவில்லை. கீழே கூப்பிட்டுக் கேட்கத் தெம்பில்லை. எல்லாம் எரியட்டும் என்று படுத்துவிட்டேன்.