வரைபடத்திலிருந்து என் கணவரை எடுத்துவிடக் கோரி

அனுப்புநர்:
அசில்கான் தோலோத்பெக் கிஸி,
(தோலோத்பெக்கின் மகள், காலஞ்சென்ற கெங்கேஷின் மனைவி)
மேலத்தெருக் கடைசி வீடு,
சாரி-கோக்து கிராமம், தெமிர்-காப்கா மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டத் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சி அலுவலகம்,
தெமிர்-காப்கா.

பொருள்: மலைச் சைக்கிள் பாதைகள் – தங்கள் அலுவலகம் வெளியிட்ட வரைபடத்தில் "கெங்கேஷ்" என்று பெயரிட்டுக் கறுப்பில் வரைந்துள்ள பாதை – ஜூன் மாதப் போட்டிக்கு முன் நீக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. எங்கள் பக்கத்தில் மனைவி கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. மனுவில் வேறு வழியில்லாததால் மேலே எழுதிவிட்டேன். இனி இதில் அவரை வீட்டுக்காரர் என்றே குறிப்பிடுவேன். தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. மலைச் சைக்கிளில் வரும் வெளிநாட்டாருக்குக் கடினமான பாதைகளைத் தேர்ந்து கொடுப்பது வீட்டுக்காரரின் தொழில். குதிரை மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்று கேட்டால், ஒரு விருந்தாளி விட்டுச்சென்ற சைக்கிளைத்தான் கைகாட்ட வேண்டும். புதுப் பாதை பார்க்கப் போகும்போது என்னையும் இன்னொரு சைக்கிளில் ஏற்றிக் கூட்டிப்போவார். நான் இறங்கி நின்று அவரைத் திட்டிய இடங்களை "கடினம்" என்று குறித்துக்கொள்வார். திட்டக்கூட வாய் வராமல் நின்ற இடங்களை அடித்துவிடுவார். கடினமான பாதை வேறு, திரும்பி வர முடியாத பாதை வேறு என்பது அவர் கணக்கு. சைக்கிளை ஓட்டும் தூரத்தைவிடத் தோளில் சுமக்கும் தூரம் கூடினால் அது பாதையல்ல, தண்டனை என்பார். பனி உருகி வரும் ஓடையைக் காலையில் கடந்தால்தான் உண்டு, பகல் ஏறினால் கரையிலேயே உட்கார்ந்து தேநீர் போடுங்கள் என்று சொல்லி அனுப்புவார். அவர் கொடுத்த பாதையில் போன எவருக்கும் முழங்கால் சிராய்ப்புக்கு மேல் ஒன்றும் ஆனதில்லை.

3. 2022 செப்டம்பரில், தூலெக் கணவாயிலிருந்து எங்கள் கிராமத்துக்கு இறங்கும் பள்ளத்தாக்கு சைக்கிளுக்கு ஆகுமா என்று பார்க்கப் போனார். அன்று எனக்கு ரொட்டி சுடும் வேலை இருந்ததால் நான் போகவில்லை. மேய்ச்சல்காரர்களின் பழைய வழியில் கணவாய்க்கு ஏறினார். போகிற வழியைத் தானாகப் பதிந்துகொள்ளும் சிறு கருவியொன்று வழக்கம்போல அவர் மேலங்கியின் உள்பையில் இருந்தது. கணவாய் உச்சியில் மட்டும்தான் கைப்பேசி பேசும். அங்கிருந்து என்னை அழைத்தார். அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் தருகிறேன்.

"இது ஆகாதுடி. கொஞ்ச தூரம் இறங்கிப் பார்த்துட்டேன், கல்லெல்லாம் காலடியில ஓடுது. எவனையும் இந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன். வந்த வழியே திரும்பிடறேன். நேரமாகும், சோத்தை மூடி வை."

4. திரும்பும் வழியில் பனி பிடித்துக்கொண்டது. மறுநாள் கொழுந்தனார் சாதிர்குலும் இன்னும் மூன்று பேரும் குதிரைகளோடு போனார்கள். கணவாய்க்குச் சற்றுக் கீழே, ஒரு பாறை ஓரத்தில், சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தபடி இருந்தார். அதற்குள் பின்னால் பனி சரிந்து மேய்ச்சல் வழி மூடிவிட்டது. ஆகவே நால்வரும் அவரைக் குதிரையில் கட்டி, கணவாய் ஏறி, ஆகாது என்று அவரே சொன்ன பள்ளத்தாக்கு வழியாகவே இறக்கினார்கள். குதிரைகளைக் கயிற்றில் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. களைத்தபோதெல்லாம் அவரைக் கீழே கிடத்தி ஓய்வெடுத்தார்கள். பிணம் கிடந்த மண்ணில் யாரும் படுக்கக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் கிடத்திய இடம் ஒவ்வொன்றிலும் கல் குவித்து அடையாளம் வைத்துவிட்டு வந்தார்கள்.

5. குளிப்பாட்டியவர்களுக்கு இறந்தவரின் உடைகளைக் கொடுத்துவிடுவோம் என்பது தாங்கள் அறிந்ததே. மேலங்கி பக்கத்து வீட்டு மோல்தோகுலுக்குப் போயிற்று. அவர் அடுத்த குளிர்காலத்தில் அதை உடுத்தியபோதுதான் உள்பையில் கருவி இருப்பதைக் கண்டார். மேலங்கி தனக்குச் சேரும், கருவி சேராது என்று அதைத் திருப்பிக்கொண்டு வந்தார். மின்சாரம் தீர்ந்து செத்த பொருளாகக் கொடுக்க மனமில்லாமல், உயிர் ஏற்ற எங்கள் வீட்டுக் கணினியில் செருகிப் பார்த்தார். வீட்டுக்காரர் எப்போதும் செருகும் இடம் அதுதான். கருவியும் எப்போதும் செய்ததைச் செய்தது. தன்னிடம் இருந்ததை உலகம் பார்க்கும் இணையதளத்தில் அவர் பெயரிலேயே ஏற்றிவிட்டது. மோல்தோகுலின்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை.

6. ஐயா, அந்தக் கருவி அவர் நின்றதும் நிற்கவில்லை. கணவாய்க்கு ஏறியது அவர். அதற்குப்பின் அந்தப் பதிவில் இருப்பது அவருடைய சடலம் வந்த வழி. கடந்த ஆண்டு வசந்தத்தில் தங்கள் சுற்றுலாப் பிரிவு "சவாலான மலைச் சைக்கிள் பாதைகள்" என்று வரைபடம் போட்டபோது, இருப்பதிலேயே செங்குத்தானது, இருப்பதிலேயே ஆபத்தானது என்று இதைத்தான் பொறுக்கி எடுத்துக் கறுப்பில் வரைந்து, பதிவின் தலைப்பில் இருந்த பெயரையே பாதைக்கும் சூட்டியிருக்கிறார்கள். தேர்ந்தெடுத்தவர் யாரும் மலைக்கு வந்து பார்க்கவில்லை என்பது நிச்சயம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அவர் அடித்துவிட்ட பாதைக்கு அவர் பெயரையே வைத்திருப்பதைப் பார்த்தால் அவரே சிரித்திருப்பார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

7. கோடை முழுவதும் ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று, "கெங்கேஷ் எங்க ஆரம்பிக்குது? இப்ப திறந்திருக்கா?" என்று கேட்கிறார்கள். "நேத்து கெங்கேஷை முடிச்சுட்டோம்" என்கிறார்கள். நான் வாயால் சொல்லாத பெயரை நாளெல்லாம் என் முற்றத்தில் கேட்கிறேன். ஒரு பெண் தன் கைப்பேசியில் புள்ளி நகர்வதைக் காட்டி, "இந்த எடத்துல ஒரு ராத்திரி பூரா தங்கியிருக்கார் பாருங்க, காட்சி நல்லா இருக்குமோ?" என்று கேட்டாள். பிள்ளை தெரியாமல்தான் கேட்டாள். ஆமாம், நட்சத்திரம் நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். தங்கள் கையேட்டில், வழியில் உள்ள கற்குவியல்களைப் பின்பற்றவும், அவற்றின் அருகே கூடாரம் போடச் சமதளம் உண்டு என்றும் அச்சிட்டிருக்கிறது. சமதளம் உண்டுதான், சடலத்தைக் கிடத்தவும் அதுவேதான் தேவைப்பட்டது.

8. ஆகஸ்டில் ஒரு செக் நாட்டு இளைஞர் அந்தச் சரிவில் விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தார். அதே நால்வர்தான் போய்க் கொண்டுவந்தார்கள். திரும்பி வந்த சாதிர்குல் குதிரையைக்கூடக் கட்டாமல் என்னிடம் சொன்னார்: "அண்ணி, எங்கெங்க அண்ணனை எறக்கினோமோ அங்கங்கதான் இவனையும் எறக்க முடிஞ்சுது. வேற எடம் இல்ல. கல்லு குவிக்கக் கை தானாப் போச்சு. இவன் வலியில கத்திக்கிட்டே வந்தான், அதைக் கேட்டுத்தான் எங்களுக்கு உசுரு வந்துச்சு." ஜூன் மாதப் போட்டிக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்தப் பாதையில் இறங்கப்போவதாகத் தங்கள் அறிவிப்பு சொல்கிறது. ஊரில் பிணம் சுமக்கத் தெரிந்த ஆண்கள் அவ்வளவு பேர் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

9. இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தக் கோடு எங்கள் முற்றத்தில் முடிகிறது. துக்கக் கூடாரம் போட்டு அவரைக் கிடத்தியிருந்த இடத்தில், மிகச் சரியாக, முடிகிறது. வருகிறவர்கள் பள்ளத்தாக்கின் வாய் தாண்டி வீடு கண்ணில் பட்டதும், பிழைத்த சந்தோஷத்தில், தூரத்திலிருந்தே கூவிக்கொண்டு வேகமாக இறங்குகிறார்கள். சாவு வீட்டுக்கு வரும் ஆண்களும் நம்மில் அப்படித்தானே வருவார்கள், தூரத்திலிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு? என் மாமியார் ஷெகெர் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, நினைவும் வந்து வந்து போகிறது. குரல் கேட்டதும் எழுந்துவிடுகிறார். "ஆம்பளைங்க அழுதுக்கிட்டு வர்றாங்கடி. பதில் குரல் குடுக்காம இருந்தா ஊரு என்ன சொல்லும்? வந்து உக்காரு" என்று என்னையும் இழுத்து உட்காரவைத்து, சுவரைப் பார்த்தபடி ஒப்பாரியைத் தொடங்கிவிடுகிறார். ஒவ்வொரு முறையும் அவருக்கு மகன் அன்றுதான் சாகிறான்.

10. ஓராண்டு முடிந்து, குதிரை அறுத்து விருந்து வைத்து, என் தலையிலிருந்த துக்கக் கறுப்புத் துணியை எடுத்து வெள்ளைத் துணி கட்டினார்கள். அதற்குமேல் ஒப்பாரி வைப்பது தகாது, செத்தவருக்குப் பாரம் என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒப்பாரி ஓயவில்லை. அக்கம்பக்கத்தார் முதலில் வந்து தேற்றினார்கள், பிறகு முகம் சுளித்தார்கள், இப்போது ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். வருகிற ஓட்டிகளோ வாசலில் நின்று கேட்டு, படம் பிடித்து, முடிந்ததும் கைதட்டுகிறார்கள். கையேட்டின் புதிய பதிப்பில், "பாதையின் முடிவில் உள்ளூர் மூதாட்டி பாடும் பாரம்பரிய வரவேற்புப் பாடல்" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதை அச்சடித்தும் கொடுப்பார்கள் என்று தெரியாது.

11. இலையுதிர் காலத்திலிருந்து தங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறேன். சுற்றுலாப் பிரிவில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, பாதையைப் பதிஞ்சவரே வந்து எழுதிக் குடுத்தாத்தான் எடுக்க முடியும். விதி அப்படி. நான் என்ன பண்றது?" என்றார். அவரை எப்படி அழைத்து வருவது என்று கேட்டேன். "அடையாள அட்டையோட வரச் சொல்லுங்க" என்றார். பிறகு என் வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். ஆனால் விதி குனியவில்லை. பதிந்தவரால் வர இயலாது என்பதை இம்மனுவின் வாயிலாக எழுத்தில் தெரிவிக்கிறேன்.

12. போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடினம் வேண்டும் என்று வருகிறவர்களை வீட்டுக்காரருக்கு மிகவும் பிடிக்கும். காஷ்கா-சூ மேட்டு வழி என்று அவர் தேர்ந்த பாதை இருக்கிறது. ஏற்றம் மூச்சைப் பறிக்கும், இறக்கத்தில் கை மரத்துப்போகும், ஆனால் எந்த இடத்திலிருந்தும் திரும்பலாம். அதில் நான் அவரைத் திட்டாத வளைவே கிடையாது. தங்கள் ஆட்கள் மே மாதத்தில் வந்தால் நானே முன்னால் ஓட்டிக் காட்டுகிறேன்.

13. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, தூலெக் கணவாய்க் கறுப்புப் பாதையை வரைபடத்திலிருந்தும் அவர் பெயரைப் பாதையிலிருந்தும் எடுத்துவிடவும், போட்டியை மேட்டு வழிக்கு மாற்றவும், கையேட்டில் அந்த வரவேற்புப் பாடல் வரியை அடித்துவிடவும் ஆணையிட வேண்டுகிறேன். கற்குவியல்கள் இருக்கட்டும், அவை யாரையும் கூப்பிடவில்லை. விசாரிக்க ஆள் அனுப்பினால் முற்றத்துக்குள் நடந்து வரச் சொல்லுங்கள், சத்தம் போடாமல் வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சைக்கிளோடும் அவர் மறுபடி மறுபடி பிணமாக வீடு வந்து சேர்கிறார். ஒரு தடவை வந்தது எங்களுக்குப் போதும்.

தங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,

அசில்கான் தோலோத்பெக் கிஸி
(ஒப்பம்)

இடம்: சாரி-கோக்து
நாள்: 12 மார்ச் 2025

மேற்படி மனுவில் என் மாமியார் ஷெகெர் அம்மாவின் இடது கைப் பெருவிரல் ரேகையும் பதிந்துள்ளது. இது என்ன காகிதம் என்று கேட்டார். துக்கம் கேட்க இனி யாரும் வரவேண்டாம் என்று சொல்கிற காகிதம் என்றேன். விரலை மையில் வைத்தபடி, "எல்லாரும் வந்து முடிச்சாச்சா?" என்று கேட்டார். அதற்கான பதிலைத் தாங்கள்தான் அனுப்ப வேண்டும்.