வாசலில் கிடந்த செருப்பு

மயிலாப்பூர்
12.2.1996

என்மேல் கோபமாக இருக்கும் சிநேகிதனுக்கு,

எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி.

போன ஆவணியில் நீ வந்தபோது, "அவர் ஆத்துல இல்லை" என்று கோமளம் சொன்னாள். அப்படிச் சொல்லச் சொன்னவன் நான். வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துவிட்டு நீ திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

என் கை நடுங்குவதை நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்க்கின்சன் என்கிறார் டாக்டர். கை போகட்டும், நிலைப்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. குறுக்கே கோடு இருந்தால் மட்டும் தாண்டுகிறது. ஏனென்று டாக்டரைக் கேள். கோமளம் கூடத்திலிருந்து கேட் வரை சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டாள். "பாண்டி ஆடறாப்ல தாண்டுங்கோ, யார் பாத்தா என்ன?" என்கிறாள்.

நேற்று நாம் நடக்கும் பூங்காவுக்குத் தனியாகப் போனேன். நுழைவாயிலில் கால் நின்றுவிட்டது. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"இன்னா சார், அப்டியே நின்னுக்கினு கீறே?" என்றாள் பூக்காரி.

உன்னிடம்கூட மறைத்ததை அவளிடம் சொன்னேன். "எனக்கு வியாதிம்மா. கோடு இருந்தாத்தான் கால் வரும்."

"அவ்ளோதானா?" என்று பூக்கட்டும் வாழைநாரை உருவி என் காலுக்கு முன்னால் குறுக்கே போட்டாள். தாண்டினேன். பூங்காவை ஒரு சுற்று முழுதாகச் சுற்றினேனடா!

ஒருநாள் காலை ஆறு மணிக்கு வா. நான் வீட்டில் இல்லை என்றுதான் கோமளம் சொல்வாள். வாசலைப் பார், செருப்பும் இருக்காது.

இப்படிக்கு,
பூங்கா பெஞ்சில் உனக்கு இடம் போட்டு வைத்திருப்பவன்