லாரி சார் எழுதுகிறேன்

பி.டி. சார்,

நேற்று உங்கள் மகன் என் வீட்டுக்கு வந்து உங்கள் சைக்கிள் பம்பைக் கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனி ஷிப்ட் முடிந்து, சீருடையோடு நேராக வந்திருந்தார். "அப்பா உங்க கையில குடுக்கச் சொல்லிக்கினே இருந்தாரு சார்" என்றார். பச்சைப் பெயின்ட் உதிர்ந்த அதே பம்பு. கைப்பிடியை இழுத்ததும் பழைய எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை வந்தது. கூடவே கார்வார் சாலையும் வந்தது.

1991. சேரப்பணஞ்சேரிப் பக்கத்துப் பள்ளியில் நீங்கள் விளையாட்டு ஆசிரியர், நான் கணக்கு. மங்களூர் வரை ரயிலில் சைக்கிளை ஏற்றிப் போய், அங்கிருந்து கடலோரமாகவே கார்வாருக்கு மிதிக்கலாம் என்று கிளப்பியது நீங்கள்தான். பயிற்சிக்கு ஞாயிறுதோறும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. நம் பக்கத்து மனிதருக்கு ஏற்றம் என்றால் ஏரிக்கரைதானே! ஓரிலக்கக் கூட்டல் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுப் பொதுத்தேர்வுக்குப் போகிற மாணவனைப் போலப் புறப்பட்டோம்.

விதிகளையும் நீங்கள்தான் சொன்னீர்கள். "தள்ளிக்கினு கூட வரலாம் சார். வேற வண்டில மட்டும் ஏறக் கூடாது. மேல போனவரு நின்னு ரெண்டு பெல் அடிக்கணும். பின்னால வர்றவரு திருப்பி ரெண்டு அடிச்சாத்தான் நகரணும்."

கடைசி நாள் விடியலில் கும்டாவிலிருந்து கிளம்பினோம். வலப்பக்கம் காடு, ஈர இலை வாசனை. ஒவ்வொரு வளைவிலும் மரங்களுக்கு நடுவே கடல் எட்டிப் பார்த்து மறைந்தது. அங்கோலாவில் டீ குடிக்கையில் என் செயினைக் குனிந்து இறுக்கிக் கொடுத்தபடியே கேட்டீர்கள்: "கணக்கு சார், இன்னும் எத்தினி ஏரிக்கரை கீது?"

"எண்ண வேணாம் சார், பயம் வந்துடும்" என்றேன். சிரித்தீர்கள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பெரிய ஏற்றம். பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டு போய் உச்சியை அடைந்தேன். இரண்டு பெல் அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். அரைமணி நேரம் போயிருக்கும். ஓடு ஏற்றிய லாரி ஒன்று முக்கிக்கொண்டு மேலே வந்தது. ஓடுகளின் மேல் கயிறு போட்டுக் கட்டிய உங்கள் சைக்கிள். அதில் இந்தப் பச்சைப் பம்பு. முன்னால் டிரைவர் பக்கத்தில் நீங்கள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். என் கை தானாக இரண்டு பெல் அடித்தது.

இறக்கத்தில் என் பின்சக்கரம் பஞ்சர். பம்பும் பஞ்சர் பெட்டியும் லாரியில் போய்விட்டன. சாயங்காலம் வரை தள்ளினேன். லாட்ஜில் நீங்கள் குளித்துத் தலை வாரி உட்கார்ந்திருந்தீர்கள். "இன்னா சார், இவ்ளோ லேட்டு?" அவ்வளவுதான் கேட்டீர்கள்.

லாரியில் ஏறியது எனக்கு ஒன்றுமே இல்லை, சார். கால் யாருக்கும் ஓயும். கூப்பிட்டிருந்தால் கயிற்றை நானே கட்டியிருப்பேன். வெட்கம் தணிந்ததும் சொல்வீர்கள் என்று இருந்தேன்.

ஊர் திரும்பியதும் ஆசிரியர் அறையில் சொன்னீர்கள்: "கணக்கு சாரு கடைசி ஏத்தத்துல லாரில ஏறிட்டாரு. நான் மட்டுந்தான் முழுசா மிதிச்சேன்." எல்லோரும் சிரித்தார்கள். டீ கிளாஸுக்கு மேலாக உங்கள் கண் என்னைப் பார்த்துக் கெஞ்சியது. பி.டி. சாருக்குக் கால் ஓய்ந்தது என்று ஊர் பேசக் கூடாது என்று நானும் சேர்ந்து சிரித்தேன். முதல் வரியில் கழித்தல் குறியை விட்டுவிட்டால், பிறகு எத்தனை பக்கம் சரியாகப் போட்டாலும் விடை தப்பாகத்தான் வரும். அந்தக் குறியை விட்டவன் நான்தான்.

ஒரே வாரத்தில் கணக்கு சார் போய், லாரி சார் வந்துவிட்டார். என் பணிநிறைவு மேடையிலும் அந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினீர்கள். இப்போதும் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து பழைய மாணவர்கள் "லாரி சார், வணக்கம்!" என்று கத்துகிறார்கள். பிரியமாகத்தான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

நேற்று செருப்பை மாட்டிக்கொண்டே உங்கள் மகன் கேட்டார்: "கோச்சுக்காதீங்க சார். நெஜமாவே லாரில ஏறுனீங்களா?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. "இல்லப்பா, நான் ஏறல" என்றேன்.

அவர் கைதட்டிச் சிரித்தார். "அப்பா கரெக்டா சொன்னாரு சார்! கேட்டா ஏறலன்னுதான் சொல்லுவாரு, நம்பாதடான்னாரு."

கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபோதும் அந்த ஒரு கதவையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறீர்கள். பிறகு பம்பை எதற்குக் கொடுத்தனுப்பினீர்கள்? மன்னிப்பு என்றால் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். படிகள் எழுதாமல் விடையை மட்டும் எழுதிய தாளுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்று காலை காற்றடித்துப் பார்த்தேன். உள்ளே தோல் வாஷர் காய்ந்துபோயிருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஊற வைத்திருக்கிறேன். சைக்கிளை இன்னும் விடவில்லை நான். ஏரிக்கரை ஏறினால் மேலே காலை ஊன்றி இரண்டு பெல் அடித்துவிடுகிறேன், கை பழகிவிட்டது. பதில் வராமல் நகர்வதுதான் இன்னும் பழகவில்லை.